அது வீட்டுச் செங்கல் இல்லை, தரைக்கல்

கென்யாவின் ந்சாம்பி மாட்டீ பிளாஸ்டிக் கழிவில் செங்கல் செய்து ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிறார் என்ற தலைப்போடு ஒரு வீடியோவை இங்கே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அவரும் அவருடைய ஜென்ஜே மேக்கர்ஸ் நிறுவனமும் உண்மைதான், ஆனால் அந்த நிறுவனம் பெயர் வாங்கியது சுவர் எழுப்பும் செங்கல்லுக்காக இல்லை, பிளாஸ்டிக்கோடு மணல் கலந்து சூடாக்கி அழுத்திச் செய்கிற, நம்ம ஊரில் பேவர் பிளாக் என்கிறோமே, அந்தத் தரைக்கற்களுக்காக. நடைபாதை, வீட்டு முற்றம், பள்ளி வளாகம் இங்கெல்லாம் பதிப்பது.

சரிபார்ப்பது சுலபம். 2020-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அவருக்கு இளம் சாதனையாளர் விருது கொடுத்தது, அவர்கள் தளத்தில் அவர் பெயரைத் தேடினால் என்ன தயாரிக்கிறார் என்று தெளிவாக இருக்கும். அப்புறம் அந்த வீடியோவையே இன்னொரு முறை பாருங்கள், கற்கள் பதிக்கப்படுவது தரையில்தான்.

பிளாஸ்டிக் செங்கல்லில் வகுப்பறைகள் கட்டியது ஐவரி கோஸ்ட்டில், யுனிசெஃபும் ஒரு கொலம்பிய நிறுவனமும் சேர்ந்து. இரண்டும் கலந்துவிட்டதோ என்னவோ. வேலையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக் கொல்லையில் சோதனை செய்து ஒரு தொழிலையே உருவாக்கிய பெண் மாட்டீ, செய்ததைச் செய்தபடி சொன்னாலே அவருக்குப் பெருமைதான். பதிவிட்டவர் தலைப்பை மட்டும் திருத்தினால் நல்லது.