சரக்கு மட்டும் உடனே வேண்டும், பணம் அடுத்த மாதமா?

தொழில் தொடங்குங்கள், நாலு பேருக்கு வேலை கொடுங்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சரி, தொடங்கினோம். கடன் வாங்கி மெஷின் போட்டோம், ஆள் வைத்தோம், ஆர்டர் பிடித்தோம், சொன்ன தேதியில் சரக்கும் கொடுத்தோம். கொடுத்த சரக்குக்கு யார் காசு வாங்கித் தருவது? அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

கோவையில் பம்புக்கும் மோட்டாருக்கும் உள்ளே சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்டைக் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். இரும்புக் கடையில் பணம் கட்டினால்தான் ராடு வண்டியில் ஏறும். கரண்ட் பில் கெடு தாண்டினால் இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? எங்களுக்கு எல்லாப் பக்கமும் கெடு. எங்களிடம் சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிக்கு மட்டும் எந்தக் கெடுவும் இல்லை.

“அண்ணா, அர்ஜென்ட், லைன் நிக்குது” என்று கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து ராத்திரி போன் வரும். ஓவர்டைம் சம்பளம் கொடுத்து, விடிய விடிய மெஷினை ஓட்டி, காலையில் டெம்போவில் ஏற்றி அனுப்புவோம். அதே ஆளிடம் பேமென்ட் என்று ஆரம்பித்தால், “அது அக்கவுண்ட்ஸ்ங்கண்ணா, எனக்குத் தெரியாது” என்பார். அக்கவுண்ட்ஸில் கேட்டால் ஸ்டோர்ஸில் இன்னும் வரவு வைக்கவில்லை என்பார்கள். ஸ்டோர்ஸில் கேட்டால் க்யூ.சி., அதாவது தரச் சோதனை, முடியவில்லை என்பார்கள். எந்த க்யூ.சி.? நான் கொடுத்த ஷாஃப்ட் பம்புக்குள் ஏறி, அந்தப் பம்ப் டீலரிடம் போய், ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கான காசு கம்பெனிக்கு வந்தாகிவிட்டது. என் பில் மட்டும் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகரவில்லை.

இன்னொரு கொடுமை டெபிட் நோட். விடாமல் பின்னாலேயே அலைந்து, ஒருவழியாகப் பணம் வரும் என்ற நிலைமை வந்ததும் ஒரு மெயில் அனுப்புவார்கள். பேரிங் உட்காரும் இடத்தில் சைஸ் குறைவாம், இத்தனை பீஸ் ரிஜெக்டாம், பில்லில் கழித்துவிட்டோம் என்று வரும். பீஸைக் காட்டுங்கள், என் மைக்ரோமீட்டரோடு வருகிறேன் என்றால் “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு” என்கிறார்கள். என் சரக்கை என் கண்ணில் காட்டாமல் ஸ்கிராப்பில் போட்டுவிட்டு அதற்கும் என்னிடமே காசு பிடிப்பதற்குப் பெயர் வியாபாரமா?

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. குறை இருந்தால் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. படிக்கும்போது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அந்த வட்டியைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். அரசின் போர்ட்டலில் புகார் போடலாம், இதற்கென்று மாநில அரசு அமைத்த கவுன்சில் 90 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும், எதிர்த்து மேலே போகிறவர் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் என் மாத வியாபாரத்தில் பாதிக்கு மேல் கொடுக்கிற கம்பெனி மேல் நான் எப்படிப் புகார் போடுவேன்? போட்ட மறுநாள் மெஷினுக்கு வேலை இருக்காது, இ.எம்.ஐ. மட்டும் இருக்கும். தவணை 90 நாள் நின்றால் என் கணக்கு வாராக்கடன். வங்கிக்கு 90 நாள் கணக்கு அவ்வளவு கறாராகத் தெரிகிறது, எனக்கு வர வேண்டிய 45 நாளைக் கேட்கத்தான் நாதி இல்லை.

2023-ல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுக்கிற வருடக் கணக்கில்தான் கழிக்க முடியும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. அது வந்ததும் எனக்கு வந்த போன் என்ன தெரியுமா? “உத்யம் பதிவைக் கேன்சல் பண்ணிடுங்க, இல்லைன்னா வெண்டர் லிஸ்ட்ல வெச்சுக்கறது கஷ்டம்.” பதிவு இல்லாவிட்டால் அந்தப் பிரிவு தங்களைத் தொடாது என்ற கணக்கு. சிறு தொழில் என்று அரசுப் பதிவில் எனக்கு இருக்கிற ஒரே அடையாளத்தையும் கழற்றிப் போடச் சொல்கிறார்கள்!

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது ஜி.எஸ்.டி.தான். ஒரு லட்சத்துக்குப் பில் போட்டால் மேலே 18,000 வரி. நான் ராடு வாங்கியதில் கட்டிய வரியைக் கழித்தது போக, மீதியை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். பணம் வந்ததா வரவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. தாமதித்தால் 18 சதவீதம் வட்டி. வீட்டு நகையை அடகு வைத்து வரி கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் கட்டியதும், எனக்கு ஒரு ரூபாய்கூடத் தராத அந்தக் கம்பெனி 18,000-ஐயும் தான் கட்ட வேண்டிய வரியில் கழிக்கும் வரவாக எடுத்துக்கொள்கிறது. எத்தனை நாள் வரைக்கும்? பில் தேதியிலிருந்து 180 நாள். அதற்குள் எனக்குப் பணம் கொடுக்காவிட்டால்தான் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். ஒரு சட்டத்தில் 45 நாள் என்று எழுதிய அதே அரசு, இன்னொரு சட்டத்தில் 180 நாள் வரை பொறுத்துக்கொள்கிறது. பெரிய கம்பெனி இதில் எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டுமா?

யார், யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவுக்குப் பில் போட்டார்கள் என்பதெல்லாம் அரசாங்கத்தின் போர்ட்டலிலேயே இருக்கிறது. புகார் கொடுத்து ஆர்டரை இழக்கும் வேலையை எங்கள் தலையில் கட்டத் தேவையே இல்லை. அடுத்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் இதை எடுங்கள். குறு, சிறு நிறுவனங்களின் பில்லுக்கு அந்த 180-ஐ 45 ஆக்குங்கள், அதுவரை பணம் வராத பில்லுக்கு எங்களிடம் வரி கேட்காதீர்கள்.