டிஸ்இன்ட்ரஸ்டட்னா கொட்டாவி விடுறவன் இல்லீங்க

அந்த ஸ்க்ரீன்ஷாட் எல்லாருக்கும் வந்திருக்கும். வராதவங்க பாக்கியசாலிங்க. கணக்குப் பார்க்க ஒரு டிஸ்இன்ட்ரஸ்டட் ஆள் வேணும்னு நான் மெயில்ல எழுதின ஒரு வரி, அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு பொம்மை, "இன்ட்ரஸ்ட்டே இல்லாதவன் கணக்குப் பார்த்தா தூங்கிடுவானே சார்"னு ஒரு மேதை வேற. சரி, பொறுமையாவே சொல்றேன்.

டிஸ்இன்ட்ரஸ்டட்னா அந்த விஷயத்துல ஆதாயம் இல்லாத ஆள். ஆர்வம் இல்லாதவனுக்கு அன்இன்ட்ரஸ்டட்னு தனியா ஒண்ணு இருக்கு. இன்ட்ரஸ்ட்டுக்குள்ள பங்கு, லாப நட்டம் எல்லாம் அடக்கம். லோனுக்குக் கட்டுற வட்டிக்கும் அதே பேர்தானே, அதை பேங்க்குக்கு நம்ம மேல வந்த ஆர்வம்னா எடுத்துக்கறோம்? கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்னு மூச்சுக்கு மூச்சு பேசுறீங்களே, அந்த இன்ட்ரஸ்ட்தான் இது. அது இல்லாதவன் டிஸ்இன்ட்ரஸ்டட். ஆதாயம் இல்லாதவன். அவ்ளோதான்.

எங்கப்பா உயில் எழுதினப்போ சாட்சிக் கையெழுத்து போட சித்தப்பா பேனாவோட தயாரா உக்காந்திருந்தார். வக்கீல், டிஸ்இன்ட்ரஸ்டட் விட்னஸ்தான் வேணும், நீங்க வேணாம்னுட்டார். வந்துச்சே கோவம் சித்தப்பாவுக்கு, "எனக்கா அக்கறை இல்ல? அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது யாரு?"ன்னு. வக்கீல் சிரிக்கல, அதை கவனிங்க. உயில்ல உங்களுக்குப் பங்கு இருக்குங்க, அதனாலதான்னு சொன்னார். இங்கிலாந்தோட 1837 உயில் சட்டத்துலயே சாட்சிக்கு எழுதின சொத்து செல்லாது, அந்த சாட்சியோட கணவனுக்கோ மனைவிக்கோ எழுதினாலும் செல்லாது. கடைசியில கையெழுத்து போட்டது அப்பாவோட பழைய சிநேகிதர். சல்லிக்காசு வராது அவருக்கு, ஆனா பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்டு வக்கீலை ஒரு வழி பண்ணிட்டார். அவரா தூங்கினார்?

"டிக்‌ஷனரியில ஆர்வமில்லாதன்னும் போட்டிருக்கே"ன்னு ஒருத்தர் படம் எடுத்து அனுப்பினார். போட்டிருக்கு. 17ஆம் நூற்றாண்டுலயே கவிஞர் ஜான் டன் அப்படி எழுதியிருக்கார், போதுமா? நீங்க அப்படி எழுதினா நான் கேலி பண்ணப் போறதில்ல. அதே பக்கத்துல இருக்கற இன்னொரு அர்த்தம் மட்டும் உங்க கண்ணுல எப்படிப் படாமப் போச்சு?

"இம்பார்ஷியல்னு போட்டிருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிருக்குமே"ன்னா, புரிஞ்சிருக்கும். ஆனா நான் நடுநிலைன்னு யார் வேணா நெஞ்சைத் தொட்டு சொல்லிக்கலாம், உள்ள பூந்து பார்க்க முடியாது. ஆதாயம் இருக்கா இல்லையாங்கறதை பேப்பரைப் பார்த்தே சொல்லிடலாம். அதுக்குத்தான் அந்த வார்த்தை. அதுதான் சில பேருக்குச் சுருக்குனு இருந்திருக்கு போல.

அப்புறம் "பெரிய இங்கிலீஷ் காட்டுறான்". ஆமாங்க, லெட்டர் எழுதணும், திருத்தணும்னா மட்டும் என் இங்கிலீஷ் வேணும். போன மாசம் என்கிட்ட திருத்தி வாங்கிட்டுப் போனவரே அந்த சிரிப்புக் கூட்டத்துல நிக்கறார். தெரியாதவங்க சிரிச்சா துடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன்.

சரி, வார்த்தையை விடுங்க. அதே மெயில்ல ரசீது எங்கன்னு கேட்டிருந்தேன். பில் போட்ட கடை யாரோடதுன்னு கேட்டிருந்தேன். அந்த வரிகளை மட்டும் யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கல. முதல்ல சிரிச்ச ரெண்டு பேரும் போன தடவை கணக்கு எழுதினவங்க. அவங்க ரொம்ப ரொம்ப இன்ட்ரஸ்டடாத்தான் இருக்காங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.