10,000 ஏக்கரும் 41 வருஷமும்

எல்லைத் தகராறு என்றாலே இங்கே ரெண்டே கட்சிதான். "ஒரு பிடி மண்ணைக்கூட விடக்கூடாது" என்பவர்கள் ஒரு பக்கம். "நடந்தது நடந்துபோச்சு, இருக்கிறதை ஏத்துக்கிட்டுப் போங்க" என்பவர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு கோஷ்டியிலும் அந்த மண்ணில் குடியிருப்பவர் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்.

இந்திய–வங்கதேச எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டு நிலங்கள் இருந்தன. இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். அதில் தஹலா காக்ராபாரி என்ற இடம் விசித்திரத்தின் உச்சம். அது இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேச நிலம், அதைச் சுற்றி இந்திய நிலம், அதையும் சுற்றி வங்கதேசம். இத்தனைக்கும் அது ஒரு சின்ன வயல், அவ்வளவுதான். இந்தத் துண்டுகளில் பிறந்தவர்களுக்குக் கரண்ட் இல்லை, ஓட்டு இல்லை, போலீஸ் வராது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே பொய் விலாசம் கொடுக்க வேண்டிய நிலை.

நிலங்களை மாற்றிக்கொள்ளலாம் என்று 1974-லேயே இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் இந்தியாவுக்குச் சுமார் 10,000 ஏக்கர் குறையும். இந்திய அதிகாரிகள் போகவே முடியாத நிலம் அது! ஆனாலும் 'தாய்மண்ணைத் தாரை வார்ப்பதா' என்ற எதிர்ப்பு ஓயவில்லை. அரசியல் சட்டத்தைத் திருத்தி 2015-ல் விஷயம் முடிய 41 வருஷம் ஆனது. 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு எந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

இதை வைத்து நான் யதார்த்தவாதிகள் கட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சைப்ரஸ் தீவு 1974 முதல் கிரேக்கர் பக்கம், துருக்கியர் பக்கம் என்று ரெண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அதை ஒன்றுசேர்க்க 2004-ல் ஐ.நா. ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்து, ரெண்டு பக்கமும் வாக்கெடுப்பு நடந்தது. துருக்கிய சைப்ரஸ்காரர்களில் சுமார் 65% பேர் சம்மதித்தார்கள். கிரேக்க சைப்ரஸ்காரர்களில் சுமார் 76% பேர் வேண்டாம் என்றார்கள். 'பிடிவாதக்காரர்கள்' என்று உலகமே அவர்களைத் திட்டியது. ஆனால் 1974-ல் துருக்கிப் படை வந்தபோது வீட்டை விட்டு ஓடிய கிரேக்கர்களிடம், எல்லோருக்கும் அந்த வீடு திரும்பக் கிடைக்காது என்று சொல்லித்தானே அந்தத் திட்டமே வந்தது? வங்கதேச எல்லையில் நஷ்டப்பட்டது அரசாங்கங்கள். சைப்ரஸில் நஷ்டப்படச் சொன்னது அகதிகளை. அதிலும் 'அனுசரிச்சுப் போங்க' என்ற புத்திமதி டாங்கியோடு வந்தவனுக்கு ஒருபோதும் சொல்லப்படுவதில்லை.

அந்த 'வேண்டாம்' எனக்குப் புரிகிறது. ஆனால் தீவு இன்றும் ரெண்டாகத்தான் கிடக்கிறது, ஓடியவர்கள் வயதாகிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஏற்கும்படி அதைவிட நல்ல திட்டம் எதுவும் அதற்குப் பிறகு வரவும் இல்லை.