ஹெலன் சுஸ்மன் 36 வருடமும் தனியாளாக இல்லை

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் ஹெலன் சுஸ்மன் நிறவெறி ஆட்சியை எதிர்த்து 36 வருடம் ஒற்றை ஆளாகக் கத்தினார், ஒன்றும் நடக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. உறுப்பினராக இருந்தது 1953 முதல் 1989 வரை. முற்போக்குக் கட்சியின் ஒரே உறுப்பினராக இருந்தது 1961 முதல் 1974 வரைதான். (அதுவே சாமானியமில்லை.) 1963-இல் விசாரணையின்றி 90 நாள் அடைத்துவைக்கும் சட்டத்தை எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு அவருடையது, பிரதான எதிர்க்கட்சியே அரசோடு போய்விட்டது. அப்புறம், அவருடைய பலம் பேச்சைவிடக் கேள்விதான்: அமைச்சர் சபையில் சொல்லும் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும், பத்திரிகைகள் அதைத் தைரியமாகப் போடலாம். 1967-இல் ராபன் தீவுச் சிறைக்கே போனார். கையில் ஸ்வஸ்திகா பச்சை குத்தியிருந்த ஒரு காவலரின் கொடுமையை, அங்கே கைதியாக இருந்த மண்டேலா அவரிடம் சொல்ல, கொஞ்ச நாளில் அந்த ஆளை மாற்றிவிட்டார்கள். இதுவா ஒன்றும் நடக்காதது?