தாத்தாவின் கை

நேற்று தாத்தாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பேராக் மாநிலத்தில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், வீட்டு முன்னால் போட்டிருந்த கூடாரத்தை இன்று காலையில்தான் பிரித்துக்கொண்டு போனார்கள். கோலாலம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாத்தா இருந்திருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருப்பார்.

உண்மையைச் சொன்னால் எரிச்சலில்தான் எழுத ஆரம்பித்தேன். சாப்பாடு பரிமாறுவதற்கு முன்னால் உறவுக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் பேசினார். "ஒண்ணுமே இல்லாத ஒரு தோட்டத் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். பாவம், மாடா உழைச்சு ஓடாத் தேஞ்சாரு. இன்னைக்குப் பாருங்க, பேரப்பிள்ளைங்க ஒரு இஞ்சினியர், ஒரு கணக்காளர்..." கணக்காளர் என்றதும் கூடாரமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் இலையில் இருந்த உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பட்டமளிப்பு அங்கியில் பேரப்பிள்ளை, பக்கத்தில் வேட்டி கட்டிய கிழவர், அன்று பால்வாளி இன்று பட்டம் என்று ஒரு வரி. வாரத்துக்கு ஒன்றாவது என் முகநூலில் வந்துவிடுகிறது. நாம் எவ்வளவு உயரம் ஏறிவிட்டோம் என்று காட்டுவதற்காக அவர்களை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்கிறோம். கடைசியில் 'பாவம்' என்று ஒரு சொல்லைத் தூவிவிட்டால் அது மரியாதை மாதிரி தெரிகிறது.

இதை நானும் செய்திருக்கிறேன். பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல புள்ளிகள் வந்தபோது ஒரு நாளிதழிலிருந்து வந்து பேட்டி எடுத்தார்கள். 'படிக்காத ரப்பர் தோட்டத் தொழிலாளியின் பேத்தி' என்று தலைப்பு. அந்தப் 'படிக்காத'வை எடுத்துக் கொடுத்ததே நான்தான். தாத்தா அந்தச் செய்தியை, போட்டோவுக்குக் கீழே இருந்த பொடி எழுத்து உட்பட, வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"படிக்காதவன்னு போட்டிருக்கு பாப்பா. இப்பதான் படிச்சேன்" என்றார்.

அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும் பாடம் எடுத்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர் அவர். 'தமிழ் நேசன்' படிக்காமல் ஒரு நாளும் விட்டதில்லை. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றபோது, மறுநாள் காலையிலும் வழக்கம்போல் கடைக்கு நடந்து போனார். வேறு பத்திரிகைகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. வெறுங்கையோடு திரும்பினார். ஒரு வாரம் இப்படியே போய்ப் போய் வந்தார் என்று பாட்டி சொன்னார்.

1938இல் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். ஐந்து வயதில் அவருடைய அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று தாய்லாந்து என்கிற சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம். போனவர் திரும்பவில்லை. செத்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. அதனால் கொள்ளுப்பாட்டி கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை, பதினாறும் நடக்கவில்லை. தாத்தா மட்டும் ஆடி அமாவாசைக்கு பஸ் ஏறி கோலகங்சார் போவார். பேராக் ஆற்றில் இறங்கி, நாள் தெரியாத ஒரு சாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வருவார்.

ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். அங்கே நில அலுவலகத்துப் பக்கத்தில் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. பிரேசிலிலிருந்து லண்டன் போய், அங்கிருந்து இங்கே வந்து, 1877இல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இவருதான் மூத்தவரா? கும்பிடவும் தோணலே, திட்டவும் தோணலே" என்று சொல்லிவிட்டு, சாப்பிடப் போகலாம் என்றார்.

சாப்பாடு என்றால் அவருக்கு ஒரு படபடப்பு உண்டு. போனில் முதல் கேள்வியே "பசியாறிட்டியா?"தான். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் அதையே கேட்பார். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட்டுகள் சுட்டார்கள். எல்பில் தோட்டத்தில் ஒருவர், இன்னொரு தோட்டத்தில் இருவர். அதோடு அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்திச் சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப்போக விடவில்லை. அம்மாவோடு, ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு துடைக்கப் போன பையனுக்கு, நடுப்பகல் வரை வெறும் வயிறு. எழுபது வருஷம் கழித்தும் அந்தப் பசி போனில் எங்களை விசாரித்துக்கொண்டிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரப்பர் மரம் சீவுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? தோட்டத்துப் பரம்பரை என்று மார்தட்டும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் பதினான்கு வயது வரை தெரியாது. ஏதோ கத்தியால் கீறிவிட்டால் பால் வந்து மங்கில் விழும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் தோட்டம் முழுக்க இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. தொண்ணூறுகளில் ரப்பரை அடியோடு சாய்த்துவிட்டு மாற்றினார்கள். லயமும் போய்விட்டது. செம்பனைக்கு நடுவில் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. கோயிலுக்குப் பின்னால், எப்படியோ தப்பித்த நாலைந்து ரப்பர் மரங்கள். திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் தாத்தா என்னை அங்கே கூட்டிப் போனார்.

ஒரு மரத்தின் பட்டையில் என் கையைப் பிடித்து வைத்தார். பட்டைக்கு உள்ளே, மரத்தை ஒட்டினாற்போல் உயிர்த்தோல் இருக்கிறது. பால் குழாய்கள் அதற்கு வெகு பக்கத்தில்தான் அதிகம். மேலாகச் சீவினால் பால் கிடையாது. ஆழமாகப் போனால் உயிர்த்தோலில் காயம் பட்டு, அந்த இடத்தில் பிறகு முடிச்சு முடிச்சாகத்தான் பட்டை வளரும். அடுத்த தடவை அங்கே கத்தி ஓடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்தான் இடம். அதற்குள் உளி நிற்க வேண்டும். இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்த சாய்கோடு. ஒரு சீவலின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர். விடிந்து வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், இதையெல்லாம் தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில விநாடிகளில் முடிக்க வேண்டும். அப்படி ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். அப்புறம் திரும்பி வந்து பால் எடுத்து, தோளில் வைக்கும் கம்பான காண்டாவில் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை.

பின்னாளில், கணக்குப் படித்த திமிரில், ஒருநாள் அவரிடம் கால்குலேட்டரை நீட்டினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால், மழை நாட்கள் போக வருஷத்துக்கு நூற்றைம்பது வெட்டு. ஒன்றரையால் பெருக்கினால் 225 மில்லிமீட்டர் பட்டை. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கையை விரித்துக் காட்டினார். "ஒரு சாண். அதுக்கு மேல ஒருத்தன் தின்னா அவன் மரத்தோட ஆயுசைத் தின்றான்னு அர்த்தம்."

இதற்கா 'ஒன்றும் தெரியாத மனிதர்' என்று பெயர்? இதையே மருத்துவமனையில் ஒருவர் செய்தால் அவருக்கு என்ன மரியாதை கொடுப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

'ஒன்றும் இல்லாத' என்பதும் சரியில்லை. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பிய காலத்தில், எங்கள் ஊர்க்காரரும் அமைச்சருமான சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவருக்குத் துன் பட்டமெல்லாம் பின்னால் வந்தது. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கலாம். பாட்டி சண்டை போட்டார். பத்து வெள்ளி என்பது அன்று மளிகைச் சாமானில் கைவைக்கிற பணம். தாத்தா விடாமல் கட்டினார். சங்கம் முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. தாத்தா அந்தத் தோட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் காப்பிக்கடையில் உட்கார்ந்து "கெடாவுல நம்ம தோட்டத்துல இப்ப மழையாம்" என்பார்.

இப்படியெல்லாம் எழுதுவதால் அவரைத் தெய்வமாக்கப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போனவர்தான். சொந்தத் தம்பியோடு, எதற்கு என்று இரண்டு பேருக்குமே மறந்துபோன ஒரு சண்டைக்காக, பல வருஷம் பேசாமல் இருந்தவர்தான். இதெல்லாம் சில்லறை. அத்தை விஷயம் அப்படி இல்லை.

1975இல் தாத்தா மழைச்சேற்றில் காண்டாவோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அத்தைக்கு அப்போது பதினைந்து. படிவம் மூன்று. வகுப்பில் கெட்டிக்காரி. அப்பா கால் சரியாகும் வரைக்கும் என்று சொல்லி அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தாத்தா சீவிய மர வரிசையை, அவருடைய நிரையை, அவர் மகள் கையில் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கால் சரியாகிவிட்டது. தாத்தா வேறு நிரைக்குப் போனார். அத்தையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவருடைய சம்பளத்திலும் அந்திக்காசிலும்தான் என் அப்பா ஆசிரியர் பயிற்சி வரை படித்தார். அதனால்தான் நான் கணக்காளர். மைக்கில் பேசியவருடைய ஏணியில் இந்தப் படி இல்லவே இல்லை.

கோயிலுக்குப் பின்னால் அந்த மத்தியானம் தாத்தா இன்னொன்றும் சொன்னார். ஒரு மரத்தில் முன்பக்கம் ஒரு வெட்டுப்பட்டை, பின்பக்கம் ஒன்று. முன்பக்கம் தடவிவிட்டு, "இது என் கை" என்றார். அடுத்த மரத்தில் முடிச்சு முடிச்சாக இருந்ததைக் காட்டி, "இது யாரோ ஓட்டக்காரன், அவசரத்துல காயம் பண்ணியிருக்கான்" என்றார். பிறகு முதல் மரத்துக்கே வந்து பின்பக்கம் போனார். மேலிருந்து கீழே உள்ளங்கையை மெதுவாக இறக்கினார். ஒரு முடிச்சு இல்லை.

"இது உங்க அத்தை. என்னைவிட நல்ல கை."

அந்த வயதில் அது எனக்கு ஒரு சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டு ஐஸ் வாங்க ஓடிவிட்டேன்.

நேற்றுப் படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். வரக்கோப்பி, தொட்டுக்கொள்ள பிஸ்கட், வறுத்த கருவாடு, மடித்த பத்திரிகை ஒன்று. அத்தை உள்ளே போய், துணியில் சுற்றியிருந்த உளியை எடுத்து வந்து இலை ஓரத்தில் வைத்தார். படையலில் இரும்பு வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அத்தை பதில் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு, கூடாரத்துக்குக் கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அத்தையிடம் அந்த மரத்து விஷயத்தைச் சொன்னேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. தாத்தாவே சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கலாம்.

"அப்படியா சொன்னாரு?" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். "என்கிட்ட சொல்லலையே."

பிறகு இலை ஓரத்திலிருந்து உளியை எடுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பார்த்தார்.

"மொண்ணையாக் கெடக்கு" என்றார். "கல்லு எங்க வச்சிருக்காருன்னு பாரு."