பந்தி முடிந்த பிறகு எங்களுக்கு இலை போடாதீர்கள்

நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியது 2015 கடைசியில். என் முதல் ஓட்டு 2016 ஜூன் 7, நியூ ஜெர்சியில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி. நவம்பரில் நடக்கும் பெரிய தேர்தலில் கட்சி சார்பில் யார் நிற்பது என்பதை, அதற்கு முன்னாலேயே வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் பிரைமரி. நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் மேலிடத்திலிருந்து வரும், நாம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வோம். இங்கே என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. மறுநாள் கட்டிக்கொண்டு போவதற்குப் புடவையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தேன்.

ஜூன் 6 ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஹிலாரி கிளின்டன் தேவையான டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி) எண்ணிக்கையைத் தொட்டுவிட்டார், இனி அவர்தான் வேட்பாளர் என்று ஏபி செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. கலிஃபோர்னியாவும் நாங்களும் ஓட்டுப் போட இன்னும் ஒரு ராத்திரி பாக்கி இருந்தது. அந்தக் கணக்கில் சூப்பர் டெலிகேட்டுகளும் சேர்த்தி. பிரைமரியில் தேர்வாகாமல், கட்சியில் இருக்கும் அந்தஸ்தாலேயே மாநாட்டில் ஓட்டு வைத்திருந்த எழுநூறுக்கும் மேற்பட்ட பிரமுகர்கள் அவர்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுப் போட இருந்ததே ஹிலாரிக்குத்தான். அவரோடு போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ் பக்கம் இருந்தவர் என் கணவர். நான் நினைத்தவர்தான் ஜெயித்தார், ஆனாலும் எனக்குக் கசந்தது. மறுநாள் போய் ஓட்டுப் போட்டேன். வரிசையே இல்லை. வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா மட்டும், முதல் ஓட்டு என்று தெரிந்ததும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் எங்கள் மாநிலத்தின் சொந்த வியாதியைத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பெயர் கவுண்டி லைன்.

நியூ ஜெர்சியில் 21 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் கட்சிக்கு ஒரு தலைவர் உண்டு. நம் ஊர் மாவட்டச் செயலாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே செல்வாக்கு. 19 கவுண்டிகளில் பல பத்தாண்டுகளாக நடந்தது இதுதான். கட்சி அமைப்பு யாரை ஆதரிக்கிறதோ அவர்கள் எல்லாரையும், ஜனாதிபதி வேட்பாளரிலிருந்து ஊர் கவுன்சில் வரைக்கும், வாக்குச்சீட்டில் ஒரே நேர்கோட்டில் அச்சடிப்பார்கள். பிரபலமான பெயர் மேலே இருக்கும், கீழே வரிசையாக மற்றவர்கள். எதிர்த்து நிற்பவர் பெயரைத் தூரத்தில் ஏதோ ஒரு மூலைக் கட்டத்தில் தனியாகப் போடுவார்கள், பக்கத்திலெல்லாம் வெற்றிடம். அந்த மூலைக்கு இங்கே 'பேலட் சைபீரியா' என்று பெயர்.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். எங்கள் தெருவில் இருக்கும் குஜராத்திப் பெரியவர் ஒருவர் ஒருமுறை மாதிரி வாக்குச்சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இவர் பெயர் எங்கே?" என்று கேட்டார். நானும் அவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினோம். முதல் பத்தியில் எட்டுப் பத்துப் பெயர்கள் சேர்ந்தாற்போல நிற்கின்றன. நாங்கள் தேடிய பெயர் வலது ஓரத்தில் தன்னந்தனியாக இருந்தது. பார்த்தவுடனே யாருக்கும் ஒன்று தோன்றும்: இந்தப் பத்திதான் கட்சி, அந்த ஓரத்தில் இருப்பவர் யாரோ வழிப்போக்கர். அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே போட்ட கட்டம் அது. யாருக்கு ஓட்டு என்பதை முக்கால்வாசி அந்தத் தாளே சொல்லிக் கொடுத்துவிடும்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு பாப் மெனண்டெஸ் கதையைச் சொல்வேன்.

செனட்டர் மெனண்டெஸ் மீது 2015-இல் ஒரு ஊழல் வழக்கு வந்தது. 2017-இல் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் அது நின்றுபோனது. 2018 பிரைமரியில் கட்சி மேலிடம் எதுவுமே நடக்காதது போல அவருக்கே லைனைக் கொடுத்தது. எதிரே நின்றவர் லிசா மெக்கார்மிக். பெரும்பாலானவர்கள் பெயர்கூடக் கேள்விப்படாதவர், சொல்லிக்கொள்கிற மாதிரி பிரசாரமும் கிடையாது. அந்தப் பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 38 சதவீத ஓட்டு விழுந்தது. அதில் ஒன்று என்னுடையது. அவர் யார், என்ன கொள்கை என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இவர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு வழியில்லை. ஐந்தில் இரண்டு பேர் அப்படிச் சொன்னோம். மறுநாள் கட்சியில் ஒருவராவது அந்த எண்ணைப் பார்த்து நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 22, மறுபடியும் குற்றப்பத்திரிகை. வீட்டில் தங்கக் கட்டிகள். உறைகளிலும் கோட்டுப் பைகளிலும் அலமாரியிலும் திணித்து வைத்திருந்த ரொக்கம், சுமார் 4,80,000 டாலர். படத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நாங்கள் 2018-லேயே சொன்னோமே என்ற ஆத்திரம். (2024 ஜூலையில் 16 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. பிறகு 11 வருஷச் சிறைத் தண்டனை.)

குற்றப்பத்திரிகை வந்த மறுநாளே, தெற்கு ஜெர்சி காங்கிரஸ் உறுப்பினர் ஆன்டி கிம் அந்த இடத்துக்குப் போட்டியிடுகிறேன் என்று அறிவித்தார். 2021 ஜனவரி 6 கலவரம் முடிந்த நள்ளிரவில், நாடாளுமன்றக் கட்டடத்தில் மண்டியிட்டுக் குப்பை பொறுக்கினாரே, அவர்தான். யாரையும் கேட்டுக்கொண்டு அவர் இறங்கவில்லை. நவம்பரில் டாமி மர்ஃபி வந்தார். அப்போது ஆளுநராக இருந்த பில் மர்ஃபியின் மனைவி. அதுவரை எந்தத் தேர்தல் பதவியிலும் இருந்தது கிடையாது. அறிவித்த சில நாட்களுக்குள் பெரிய கவுண்டித் தலைவர்கள் வரிசையாக ஆதரவு கொடுத்தார்கள். அந்தக் கவுண்டிகளின் லைன் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஊழல் செனட்டர் காலி செய்யப்போகும் நாற்காலியை ஆளுநர் வீட்டுக்குக் கொடுப்பது என்று பேசி முடித்தாயிற்று, எங்களைத் தவிர எல்லாரும் கூடி.

அப்போது எங்கள் ஊர்க் கட்சிக்காரர் ஒருவருக்கு போன் செய்தேன். யார் என்று சொல்லப்போவதில்லை, தனிப்பட்ட முறையில் நல்ல மனிதர். "ஏன் இவ்வளவு அவசரம், உறுப்பினர்களைக் கேட்கக் கூடாதா?" என்றேன். "கேட்டால் குழப்பம்தான் வரும்மா" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கு முந்தின வருஷம் எங்கள் வார்டில் கவுண்டி கமிட்டி இடம் ஒன்று காலியாக இருக்கிறதே, நான் நிற்கலாமா என்று கேட்டதற்கும் இதே குரல்தான்: பொறுங்கள், உங்கள் முறை வரும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட ஆள் வேண்டும் என்றால் மட்டும் முறை உடனே வந்துவிடும்.

ஆனால் 2024 பிப்ரவரி 10, மன்மத் கவுண்டியில் கமிட்டி உறுப்பினர்களே ரகசிய ஓட்டுப் போட்டார்கள். கிம் 265, மர்ஃபி 181. நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து என் மகள் ஓடி வந்தாள். தலைவர் வாயால் அறிவித்த இடங்களில் ஒரு முடிவும், ஆட்கள் தனியாகச் சீட்டு எழுதிப் போட்ட இடத்தில் வேறு முடிவும் வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த மாதக் கடைசியில் கிம் கவுண்டி லைனை எதிர்த்தே ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார். மார்ச்சில், ஆளுநரே நியமித்த அட்டர்னி ஜெனரல் இந்த முறையைத் தன்னால் ஆதரித்து வாதாட முடியாது, இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று எழுதிக் கொடுத்தார். மார்ச் 24 டாமி மர்ஃபி விலகினார். மார்ச் 29, புனித வெள்ளி அன்று, நீதிபதி ஜாகித் குரைஷி லைனுக்குத் தடை விதித்தார். ஒரு பதவிக்கு நிற்கும் எல்லார் பெயரும் ஒரே கட்டத்தில் வர வேண்டும் என்றார். இயந்திரத்தை மாற்ற நேரம் போதாது என்று கவுண்டி அலுவலர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அந்த ஜூனில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கிம்முக்கு முக்கால் பங்கு ஓட்டு.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. அதே வாக்குச்சீட்டில்தான் ஜனாதிபதிக்கான பிரைமரியும் இருந்தது.

எங்கள் நண்பர் வீட்டுப் பையனுக்கு அப்போது 19 வயது. கிம்முக்காக என்னோடு கதவு தட்டியவன். ஜூன் 4 அவனுடைய முதல் ஓட்டு. 47 நாள் கழித்து, ஜூலை 21, அந்தப் பிரைமரியில் ஜெயித்திருந்த பைடன் போட்டியிலிருந்து விலகினார். விலகியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவருடைய வயதைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போதெல்லாம் கேட்கக் கூடாத கேள்வி என்று வாயை அடைத்தார்கள். அசலான போட்டி ஒன்று நடக்கவே விடவில்லை. கடைசியில் பிரைமரி எல்லாம் முடிந்த பிறகு அவர்களாகவே அவரை மாற்றினார்கள்.

அடுத்து கமலா ஹாரிஸ். சியாமளா கோபாலனின் மகள். துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் விடாமல் அந்தப் படத்தைப் பகிர்ந்தோம். எனக்குக் கண் கலங்கியது உண்மை. அவருக்கு ஒரு பிரைமரி கிடைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது அவர் மேல் உள்ள அன்பினால்தான். மக்களிடம் போய் ஜெயித்து வந்தவர் என்ற பலத்தோடு அவர் நவம்பரைச் சந்தித்திருக்க வேண்டும். அதைத் தராமல் போனது மேலிடம்.

ஆகஸ்டில் அந்தப் பையனைக் கதவு தட்டக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, ஜூன்ல நான் போட்ட ஓட்டு எங்க போச்சு?" என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நவம்பரில் அவன் ஓட்டுப் போடவில்லை. அவனைப் போல எத்தனை பேரோ. 2020-இல் பைடன் 16 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த நியூ ஜெர்சியில் ஹாரிஸ் ஜெயித்தது 6 புள்ளிகூட இல்லை. பஸேயிக் கவுண்டியே டிரம்ப் பக்கம் போனது. டிவியில் பெரிய பெரிய ஆட்கள் காரணம் அலசினார்கள். விலைவாசி, எல்லைப் பிரச்சினை எல்லாம் இருக்கலாம். கட்சிக்காகத் தெருவில் நடக்கிற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னொரு காரணமும் கிடைத்திருக்கும்.

இப்படி எழுதினால், "இப்போது போய் இதைப் பேசலாமா, டிரம்புக்குத்தானே லாபம்?" என்று அன்பாகக் கடிந்துகொள்ளும் நண்பர்கள் உண்டு. அண்ணா, அக்கா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். பிரைமரிக்கு முன்னால் பேசினால் ஒற்றுமை கெடும் என்கிறீர்கள். பிரைமரி முடிந்த பிறகு பேசினால் முடிந்துபோனதை ஏன் கிளறுகிறாய் என்கிறீர்கள். தேர்தலில் தோற்ற பிறகு பேசினால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சாதே என்கிறீர்கள். எப்போதுதான் பேசுவது?

ஒற்றுமை எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். 2025 ஜூனில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மேயர் பிரைமரியில் ஸோரான் மம்தானி ஜெயித்தார். தோற்ற ஆண்ட்ரூ குவோமோ, கட்சி வாக்காளர்களின் முடிவை மதிக்காமல் சுயேச்சையாக நின்றார். பிரதிநிதிகள் சபையில் எங்கள் கட்சித் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரிஸ் தன் கட்சியின் வேட்பாளரை ஆதரிக்க அக்டோபர் 24 வரை எடுத்துக்கொண்டார். செனட்டில் கட்சித் தலைவர் சக் ஷூமர் கடைசி வரை ஆதரவு சொல்லவே இல்லை. மம்தானியின் எல்லாக் கொள்கையும் எனக்குச் சம்மதம் இல்லை, அது வேறு. யார் ஜெயித்தாலும் பின்னால் நில் என்று எனக்குப் பத்து வருஷமாகப் பாடம் எடுத்தவர்கள், தங்களுக்குப் பிடிக்காதவர் ஜெயித்ததும் நான்கு மாதம் தயங்கி நின்றதைத்தான் சொல்கிறேன்.

அதே ஜூனில் எங்களுக்கு ஆளுநர் பிரைமரி. லைனை ஒழிக்கும் சட்டம் அதற்குள் வந்துவிட்டது. புதுச் சீட்டைக் கையில் வாங்கியதும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆளுநர் பதவிக்கு ஒரே கட்டம், அதற்குள் ஆறு பெயர்கள், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. யாரும் மூலையில் இல்லை. நான் போட்டவர் தோற்றுப்போனார். மிக்கி ஷெரில் சுமார் 34 சதவீதத்தில் ஜெயித்தார். பல கவுண்டி அமைப்புகளின் ஆதரவும் அவருக்குத்தான். எனக்கு வருத்தமே இல்லை. ஆறு பேரையும் பார்த்து, எண்ணி, ஜெயித்தவர் அவர். நவம்பரில் அவருக்காக மூன்று சனிக்கிழமை கதவு தட்டினேன், முழு மனசோடு. மேலிடத்துக்கு இது ஏன் புரிய மாட்டேன் என்கிறது? தோற்றால் நாங்கள் தாங்கிக்கொள்வோம். எங்களைக் கேட்காமல் முடிப்பதைத்தான் தாங்க முடிவதில்லை.

சரி, 2026-க்கு வருகிறேன். பிரைமரி ஜூன் 2. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் மே 12-க்குள் பதிவு செய்ய வேண்டும். எந்தக் கட்சியும் குறிக்காமல் பதிவு செய்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், அன்றைக்குச் சாவடியிலேயே கட்சியைச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடலாம். நம் ஆட்கள் பாதிப் பேருக்கு இது தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சீட்டின் கடைசியில் கவுண்டி கமிட்டி என்று ஒரு கட்டம் வந்தால் அதை வெறுமனே விட்டுவிடாதீர்கள். தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்தக் கமிட்டிக்காரர்கள்தான்.

அந்தப் பையனுக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன். "சனிக்கிழமை வரேன் ஆன்ட்டி, ஆனா எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வேணும்" என்று எழுதியிருக்கிறான்.