அத்தை லாக்கரில் இருக்கும் மருமகள் நகை

"நகையை எல்லாம் அத்தைகிட்ட கொடுத்து வச்சிடும்மா, லாக்கர்ல பத்திரமா இருக்கும்." கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து ஓய்வதற்குள் நம் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். சொல்கிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வாடகை வீட்டு பீரோவில் அத்தனை சவரனை வைத்துக்கொண்டு யார் நிம்மதியாகத் தூங்க முடியும்? கொடுத்து வைப்பதில் தப்பே இல்லை. கொடுத்து வைத்தது யாருடையது என்று எங்கேயும் எழுதி வைக்காமல் விடுகிறோமே, அதுதான் தப்பு. வங்கியில் லாக்கர் பொறுப்பு பார்த்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

முகூர்த்த நாளுக்கு முதல் நாள் லாக்கர் பக்கம் கூட்டம் அலைமோதும். அத்தை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, நேரம் எழுதிவிட்டு உள்ளே போவார். வங்கியின் சாவியை நான் முதலில் போட்டுத் திருக வேண்டும், பிறகு அவர் தன் சாவியைப் போடுவார். கதவு திறந்ததும் நான் வெளியே வந்துவிட வேண்டும். கார்டில் பெயர் இல்லாத மருமகள் வெளியே பெஞ்சில் காத்திருப்பார். அத்தை வந்து சுருக்குப் பையை அவிழ்த்து, "இந்த ஆரம் போதும்ல, ஒட்டியாணம் எதுக்கு இப்ப?" என்பார். மருமகள் தலையாட்டுவார். ஆரம், ஒட்டியாணம் இரண்டுமே மருமகள் வீட்டில் போட்டவை. இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தன் நகையைப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்கிறோம் என்ற எண்ணமே அந்தப் பெண்களுக்கு இருக்காது. அத்தைக்கும் இருக்காது. வருஷங்கள் போகப் போக அது "வீட்டு நகை" ஆகிவிடும்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும், கல்யாணத்தின்போதும் அன்பளிப்பாக வந்த நகை அவளுடைய தனிச்சொத்து. புகுந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் அது கணவன் மனைவியின் கூட்டுச் சொத்தாக மாறிவிடும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1985-லேயே நிராகரித்துவிட்டது. வாங்கி வைத்திருப்பவர்கள் அவளுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தங்கள் இஷ்டத்துக்கு விற்றாலோ அடகு வைத்தாலோ அது நம்பிக்கை மோசடிக் குற்றம். சாவி யாரிடம் இருக்கிறது, லாக்கர் வாடகை யார் கட்டினார்கள் என்பதை வைத்தெல்லாம் உரிமை கைமாறாது.

2024 ஏப்ரலில் கேரளத்துப் பெண் ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பை எல்லாரும் படிக்க வேண்டும். பிறந்த வீட்டில் 89 சவரன் போட்டிருக்கிறார்கள். முதலிரவன்றே கணவன் நகைகளை வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று தன் தாயிடம் கொடுத்துவிட்டான் என்றும், பிறகு அதெல்லாம் அவர்களுடைய பழைய கடனுக்குப் போய்விட்டது என்றும் அந்தப் பெண் சொன்னார். குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் போதிய நிரூபணம் இல்லை என்று அதை மாற்றியது. கடைசியில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. முதல் நாளிலேயே கணவனை நம்பாமல் இருந்திருப்பாள் என்று நினைப்பதுதான் நடைமுறைக்குப் பொருந்தாது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. கஷ்ட காலத்தில் கணவன் அந்த நகையைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரவேண்டிய கடமை அவனுக்கு உண்டு என்றும் சொன்னார்கள். இது ரொம்ப நியாயமான பேச்சு. கடை நொடித்துப் போனபோதும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியபோதும் நகையைக் கழற்றிக் கொடுக்காத பெண் நம் வீடுகளில் யார்? கொடுப்பது அவள். அது அவள் கொடுத்தது என்று நினைவில் வைத்திருக்க வேண்டாமா?

ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது 2003-ல். கோர்ட் வாசல் ஏறி இறங்கி, கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஜெயிப்பதை நான் நிவாரணம் என்று சொல்ல மாட்டேன். எது எவ்வளவு, யாரிடம் கொடுத்தேன் என்று நிரூபிக்கத்தான் அத்தனை வருஷமும் போகிறது.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை வரும். கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து மொய் நோட்டு எழுதுகிறோம். ஊர், இன்னார் மகன் இன்னார், 501 ரூபாய் என்று ஒன்று விடாமல் எழுதி, அந்த நோட்டைத் தலைமுறைக்கும் பாதுகாக்கிறோம். லட்சக்கணக்கில் போட்ட நகைக்கு அரைப் பக்கம் கிடையாது! இத்தனைக்கும் வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகள் இதைத்தான் கேட்கின்றன. கல்யாணத்தின்போது வந்த அன்பளிப்புகளை எழுத்தில் பட்டியல் போட வேண்டும். பொருளின் சிறு விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், சொந்தமாக இருந்தால் என்ன உறவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். மணமகனும் மணமகளும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும். மேளக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீதைக்கூட ஃபைலில் வைக்கிற வீடுகளில் இந்தப் பட்டியலை நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "சம்பந்தி என்ன நினைப்பாங்க?" என்கிறார்கள்.

சம்பந்தி நல்லவராகவே இருக்கட்டும். அத்தை காலமாகிவிட்டால் என்ன ஆகும்? லாக்கரில் அத்தையின் காசுமாலையும் இருக்கும், மருமகளின் ஆரமும் இருக்கும். உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அத்தையின் நகையில் மாமாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. நாத்தனார் பங்கு கேட்பதில் குற்றமே இல்லை, அது அவர் அம்மாவின் நகை. ஆனால் எது அம்மாவுடையது, எது அண்ணி கொண்டு வந்தது? வங்கியைக் கேட்டால் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. நாமினி வந்தால் சாட்சிகள் முன்னிலையில் திறந்து, இருப்பதைப் பட்டியல் போட்டுக் கையில் கொடுப்போம். நாமினி என்பதால் நகை அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுகளுக்காக வாங்கிக்கொள்கிறார். 'ஈதர் ஆர் சர்வைவர்', அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் இறந்தால் மற்றவர் திறக்கலாம் என்று போட்ட கூட்டு லாக்கரிலும் திறக்கும் உரிமைதான் கிடைக்கிறது. இதைக் கவுன்டரில் எத்தனை முறை சொன்னாலும் "என் பேர்லதானே இருக்கு" என்ற பதில்தான் வரும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒன்று. போட்டது நீங்கள்தான், ஆனால் போட்ட பிறகு அது உங்களுடையதும் இல்லை. மகளுக்குக் கொடுத்த நகையைக் கேட்டு, மகளின் அதிகாரம் இல்லாமலே முன்னாள் சம்பந்தி வீட்டார் மேல் தந்தை போட்ட வழக்கை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான். எனக்கு இதில் முழு உடன்பாடு. அவளைச் சுற்றி இருக்கிற எல்லாரும் "எங்க நகை" என்று பேசிப் பேசித்தான் அவள் வாய் மூடிப் போகிறது.

வீட்டில் அடி உதை, மிரட்டல் என்று நிலைமை முற்றிவிட்டால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் (2005) வழி இருக்கிறது. கணவன் பேரில் தனியாக உள்ள லாக்கரையும், கூட்டாக உள்ளதையும் தன் உத்தரவில்லாமல் இயக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம். நகையைத் திருப்பித் தரச் சொல்லியும் உத்தரவிடலாம். எந்த மதத்துப் பெண்ணும் போகலாம்.

அந்த அளவுக்குப் போகாத, சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கிற வீடுகளுக்கு நான் சொல்வது ஒரு மத்தியான வேலை. நகைக்கடை பில் பெண் பேரில் இருக்கட்டும். இப்போது வாங்கும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் இருக்கிறது, அதையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். லாக்கரில் மருமகள் பெயரையும் சேருங்கள், அல்லது அவளுக்குத் தனியாக ஒரு சின்ன லாக்கர் எடுத்துக் கொடுங்கள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர்கள் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியல் போடலாம். யார் பெயரும் கெடாது. நாளைக்கு ஒரு சண்டை வந்து பொய்யாக ஒரு கணக்குச் சொன்னால், அத்தையைக் காப்பாற்றப்போவதும் அந்தக் காகிதம்தான். அத்தையையே பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். எந்த வளையல் யார் போட்டது, எதை எப்போது அழித்து எதைச் செய்தோம் என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாக நினைவிருக்கும்.